கரி பூசிய துரையும் கரி பூசிய ஞானமும்

1

நேற்றோடு நாங்கள் கடல் தாண்டி வந்து பன்னிரண்டு வருஷம் முடிந்தது. ஊரிலே மாதா திருவிழாத் தேர் நிலைக்கு வந்த மறுவாரம் புறப்பட்டோம். அதனால் வருஷா வருஷம் அந்த நாளில் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைக் கடந்து மூன்று பேருமாகக் கோயிலுக்கு நடந்து போய், ஒரு மெழுகுதிரி கொளுத்திவிட்டு வருவது வழக்கம். நேற்றும் போனோம். ஆனால் என் மகள் ஞானம் எங்களுக்கு ஒரு கூப்பிடு தூரம் முன்னாலேயே நடந்தாள். யாரோ எவரோ என்பது போல நடந்தாள். அவள் தன் அப்பாவோடு பேசி இரண்டு வாரமாகிறது.

பாலத்தில் எதிரே வந்த பாண்காரர், எங்கள் தெருவுக்கு ரொட்டி கொண்டு வருகிறவர், அவளைப் பார்த்தார். பிறகு பின்னால் வந்த என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரித்தார். அவர் எதற்குச் சிரித்தார் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஊரில் இருக்கிற என் அக்காமார், "கண்டி குளுகுளுவென்று இருக்குமாமே, கொடுத்து வைத்தவள்" என்று எழுதுகிறார்கள். குளுகுளுதான், யார் இல்லை என்றது? ஆனி மாதம் துவைத்த சேலை மூன்று நாளைக்குக் காயாது. அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரரின் பெயரை நான் எழுதமாட்டேன். எழுதினால் கை அழுகிவிடுமா என்று ஞானம் கேட்கிறாள். அழுகாது. ஆனாலும் வரமாட்டேன் என்கிறது. ஞானத்தின் அப்பா என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

அவர் ஊரிலே நாடகக் கம்பெனியில் பபூன் வேஷம் போட்டவர். கம்பெனி இலங்கைக்கு வந்தபோது நானும் கைப்பிள்ளையோடு கூடவே வந்தேன். கப்பலேறுமுன் தோட்டக் கூலிகளைச் சோதிக்கிற மண்டபம் முகாமில் வரிசையில் நிற்கும்போதே ஆரம்பித்துவிட்டது. மேசைக்குப் பின்னால் இருந்தவர் முகத்தை நிமிர்த்தாமல், "எந்தத் தோட்டம்?" என்றார்.

"தோட்டம் இல்லீங்க. நாடகம்" என்றார் இவர்.

"அதெல்லாம் சரி. எந்தத் தோட்டம், ராமசாமி?"

இவர் பெயர் ராமசாமி இல்லை. நாங்கள் வேதக்காரர்கள். அங்கே அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? இந்த நாட்டில் துரைமாருக்கு நம் ஆண்கள் எல்லாரும் ராமசாமி, பெண்கள் எல்லாரும் மீனாட்சி. கண்டியில் எந்தக் கந்தோருக்கு, அதாவது ஆபீசுக்கு, போனாலும் இன்றைக்கும் முதல் கேள்வி "எந்தத் தோட்டம்?" என்பதுதான். போன மாதம் ஓட்டுரிமைக்குப் பதிவு செய்ய இவர் போனபோதும் அதே கேள்வி. "இங்கேயே இருக்கப் போறியா, திரும்பிப் போகப் போறியா?" என்று கேட்டார்களாம். பன்னிரண்டு வருஷமாக இருக்கிறவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? எரிச்சல்தான் வந்தது எனக்கு.

2

கம்பெனி கண்டியிலேயே உடைந்து போனது. ராஜபார்ட் ஒரு பக்கம், ஆர்மோனியக்காரர் ஒரு பக்கம். எங்களுக்குத் திரும்பிப் போகவும் வழியில்லை. அந்தச் சமயத்தில்தான் காசிம் முதலாளி ஊருக்குள் ஒரு தகரக் கொட்டகை போட்டு சலனப்படம் காட்டத் தொடங்கியிருந்தார். படம் பேசாது அல்லவா? திரைக்குப் பக்கத்தில் நின்று தகரக் குழாயை வாயில் வைத்து, இது இன்னார், இவன் இப்போது இன்னது சொல்கிறான் என்று விளக்கம் சொல்ல ஒரு ஆள் வேண்டியிருந்தது. கழுதை கத்தினாலும் அதற்கு மேலே கேட்கிற குரல் இவருக்கு. அன்று முதல் இவர் விளக்கக்காரர்.

சோகப் படத்துக்கு யார் வேண்டுமானாலும் விளக்கம் சொல்லலாம். சிரிப்புப் படத்துக்குத்தான் தொழில் தெரிய வேண்டும். அமெரிக்காவிலிருந்து வருகிற அந்தச் சின்னச் சின்னச் சிரிப்புப் படங்களில் ஓடுகிறவனும் விழுகிறவனும் அடிவாங்குகிறவனும் வெள்ளைக்காரர்கள். நம் சனத்துக்கு அவர்கள் யாரோ. இவர் அவர்களுக்கெல்லாம் கண்டிப் பெயர் வைப்பார். தொந்தி பெருத்த போலீஸ்காரன் கட்டுகஸ்தோட்டை ரால்ஹாமி. சட்டிப்பானையோடு உருளுகிற கடைக்காரன் நம் கடைத்தெரு முதலாளி. மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு குழிக்குள் விழுகிறவன் யாழ்ப்பாணத்துக் கிளாக்கர். உடனே பின்வரிசையிலிருந்து நிஜ யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் ஒருவர் எழுந்து, "ஓம் ஓம், அது எங்கட பெரிய கிளாக்கர்தான்! நல்லா விழட்டும்!" என்று கத்துவார். கொட்டகை அதிரும்.

இதில் ஒரு முறை வைத்திருந்தார். படம் தொடங்குமுன் வாசலில் நின்று உள்ளே போகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருப்பார். இன்றைக்குச் சிங்களவர் எத்தனை பேர், முஸ்லிம்கள் எத்தனை பேர், தோட்டத்துச் சனம் வந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் பெயர்களைப் பங்குபோடுவார். ஒரு ஆட்டத்தில் ஒரு கூட்டத்தாருக்கு ஒரு கிண்டல்தான். இரண்டாவது விழக்கூடாது. வராதவர்களைக் கிண்டல் செய்யவே கூடாது.

"எதிர்ல இருந்து சிரிக்கிறவனத்தான் கிண்டல் பண்ணலாம். இல்லாதவனப் பண்ணா அது கோள் சொல்ற மாதிரி" என்பார்.

கடைசியில், யாராவது தண்ணீர்த் தொட்டிக்குள் தலைகீழாக விழுவான் பாருங்கள், அவனுக்கு மட்டும் எப்போதும் ஒரே பெயர்தான். தூத்துக்குடி மாப்பிள்ளை. அது இவரேதான். கொட்டகை முழுக்க என் பக்கம் திரும்பும். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும். ஆனாலும் ஒரு ஆட்டம் விடமாட்டேன்.

3

ஞானத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். இங்கிலீஷ் தண்ணீர்பட்ட பாடு. அப்பனைக் கொண்டு பிறந்தவள். மதர் மூக்கை உறிஞ்சுவது, பாண்காரர் கூவுவது, நான் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சண்டை போடுவது எல்லாவற்றையும் அச்சாகச் செய்து காட்டுவாள். சின்னவளாக இருந்தபோது அப்பாவும் மகளும் விளக்கை ஏற்றி வைத்து, சுவரில் நிழல் விழ, ஒருவர் ஆட ஒருவர் விளக்கம் சொல்ல, எனக்குச் சோறு வடிக்கக் கை ஓடாது.

போன வருஷத்திலிருந்து மாறிவிட்டாள். பள்ளிக்கூட வாசலுக்கு நான் போகக்கூடாது, முனையில் மரத்தடியில் நிற்க வேண்டும். மத்தியானத்துக்குப் பிட்டு கட்டிக் கொடுத்தால் அப்படியே திரும்பி வரும். பாணும் பட்டரும் வேண்டுமாம். "உங்கள் அப்பா என்ன வேலை?" என்று கேட்டால், "சினிமா மனேஜர்" என்று சொல்லி வைத்திருக்கிறாள். இவர் அதைக் கேட்டு, "அடேயப்பா, எனக்கு உத்தியோக உயர்வு குடுத்துட்டாளே!" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவளோடு படிக்கிறவர்கள் பாதிப் பேர் பறங்கிப் பிள்ளைகள், துரைமார் வீட்டுச் சம்பந்தமுள்ளவர்கள். நிறம் என்றால் நிறம். என் மகள் என்னைப் போல நல்ல கறுப்பு. ஊரில் இருக்கும்போது கறுப்பு என்பது ஒரு சொல். இங்கே அது ஒரு விலாசம்.

4

நாலு மாதம் முன்பு ஒரு சிரிப்புப் படம் வந்தது. பெரிய வீட்டில் ஒரு கறுப்பு வேலைக்காரன். கோழி திருடுவான், பேயைக் கண்டால் கண்ணை உருட்டிக்கொண்டு ஓடுவான், எசமான் உதைத்தால் பல்லைக் காட்டுவான். அதுதான் அவனுக்கு வேலை. படம் காட்டுமுன் காசிம் முதலாளியும் இவரும் ஒருமுறை போட்டுப் பார்ப்பார்கள். அன்றைக்கு நான் சாப்பாடு கொண்டு போயிருந்தேன்.

முதலாளி நல்ல மனிதர், பயந்த சுபாவம். "இஞ்ச பாருங்க விளக்கக்காரரே, சனிக்கிழம மேல் கதிரையில தொரமார் ரெண்டு மூணு பேர் வந்து இரிப்பாங்க. இவன ராமசாமின்டு ஒருக்கா கூப்பிட்டா போதும், சிரிச்சிருவாங்க" என்றார்.

"கீழ தரையில யாரு இருப்பாங்க, காசிம் நானா?" என்று இவர் கேட்டார்.

"தோட்டத்து ஆக்கள்தான். அவங்களும் சிரிப்பாங்க. எதுக்கும் சிரிக்கிற சனம்தானே?"

இவர் சுருளை இன்னொரு தடவை ஓட்டச் சொன்னார். வேலைக்காரன் பேயைக் கண்டு இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடுகிற இடம் வந்தது. சட்டைக் கை முழங்கைக்கு ஏறியது. "நிறுத்து!" என்று கத்தினார். கை கறுப்பு. அதற்கு மேலே, மணிக்கட்டுக்கு நாலு விரல்கடை தள்ளி, வெள்ளை வெளேர் என்று தோல். கரி பூசின வெள்ளைக்காரன்!

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. அவர்கள் நாட்டில் கறுப்பு மனிதர்கள் இல்லாமலா இருப்பார்கள்? இருக்கிறவர்களை விட்டுவிட்டு எதற்கு ஒருத்தனைப் பிடித்துக் கரி பூச வேண்டும்?

"உள்ளவன நிக்க வச்சா அவன் மனுசன் மாதிரி தெரிஞ்சிருவான்ல, அதான்" என்றார் ஞானத்தின் அப்பா. பபூன் வேஷம் போட்டவருக்கு அது தெரியும்.

சனிக்கிழமை கலஹாப் பக்கத்துத் தோட்டச் சனம் திரண்டு வந்திருந்தது. பெண்கள் பக்கத்தில் எனக்கு அடுத்து பேச்சியம்மாள். கலஹாவில் கொழுந்து எடுக்கிறவள், எனக்குச் சிநேகிதி. ஆட்டம் ஓடியது. வேலைக்காரன் வந்தான், திருடினான், உதை வாங்கினான். இவர் அவனுக்கு மட்டும் பெயரே வைக்கவில்லை. தரையில் இருந்தவர்கள் சிரித்தார்கள், ஆனால் பாதிச் சிரிப்புத்தான். பேச்சியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "இவன் யாருன்னு சொல்ல மாட்டேங்கிறாரே உங்க வீட்டுக்காரரு" என்றாள். கை தூக்குகிற இடம் வந்தது. இவர் குழாயைக் கீழே வைத்துவிட்டு வெறும் வாயாலேயே முழங்கினார்:

"எல்லாரும் நல்லாப் பாத்துக்கங்க! அந்தக் கையப் பாருங்க! இது நம்ம ஆளு இல்ல! தொரை கரி பூசிக்கிட்டு நம்ம வேஷம் கட்டிக்கிட்டு வந்திருக்காரு!"

பிறகு எழுந்த சிரிப்பை நான் என் ஆயுசில் கேட்டதில்லை. பேச்சியம்மாள் என் தோளில் அடித்துக்கொண்டு, "அடி ஆத்தே! வரட்டும், வரட்டும்! முதுகுல கூடைய மாட்டி விடுங்க, மழையில மலையேறட்டும்!" என்று கத்தினாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது அவளுக்கு. மேல் கதிரையிலிருந்து ஒரு துரை எழுந்து போய்விட்டார்.

மறுநாள் முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டு வந்தார். ஆனால் அடுத்த சனிக்கிழமை கொட்டகை கொள்ளவில்லை. எல்லாரும் அந்தக் கையைப் பார்க்க வந்திருந்தார்கள். முதலாளி வாயை மூடிக்கொண்டார். இவர் ஒரு மாதம் ராஜபார்ட்டு மாதிரி நடந்தார். கொழும்புக்குப் பேசும் படம் வந்துவிட்டது, இனி விளக்கக்காரன் எதற்கு என்று ஊரெல்லாம் பேச்சு. அதைக்கூட மறந்திருந்தார்.

ஞானம் மட்டும் சிரிக்கவில்லை. "ஏம்ப்பா, நீங்க சொல்லலைன்னா யாரும் பாத்திருக்க மாட்டாங்களே" என்றாள். "அதுக்குத்தானம்மா சொன்னேன்" என்றார் இவர். அவள் கேட்டது வேறு என்று அப்போது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

5

மடத்துப் பள்ளிக்கூடத்தில் வருஷத்துக்கு ஒருமுறை விழா. இந்த வருஷம் சினிமாக்காய்ச்சல் மதர்மாரையும் பிடித்துக்கொண்டது. பியானோ வாசிக்க, பிள்ளைகள் வாய் பேசாமல் ஆடுகிற கூத்து ஒன்று ஏற்பாடாகியிருந்தது. ஞானமும் நடிக்கிறாள். என்ன வேஷம் என்று எத்தனை தரம் கேட்டாலும், "வந்து பாருங்களேன்" என்பாள். தேவதை வேஷம் என்று நான் நினைத்துக்கொண்டு வெள்ளைச் சட்டையைக் கஞ்சி போட்டுத் தேய்த்து அலுமாரியில் மாட்டி வைத்தேன். அது மாட்டினபடியே இருக்கிறது.

எங்களுக்கு இடம் கடைசி வாங்குப் பலகையில். முன்னால் துரைசானிமார், தொப்பிகள். திரை விலகியது. துரை வீட்டுப் பிள்ளைகளாகப் பறங்கிப் பிள்ளைகள். பிறகு ஒரு ஆயா வந்தாள். முகமெல்லாம் சட்டிக்கரி, உதட்டைச் சுற்றிச் சிவப்பு, இடுப்பில் தூக்கிச் செருகின சேலை. தட்டை ஏந்திக்கொண்டு வந்தாள், தடுக்கினாள், கோப்பைகள் பறந்தன. பியானோ டமால் என்றது. மண்டபம் சிரித்துப் புரண்டது. "மீனாட்சி! மீனாட்சி!" என்று முன்வரிசையில் யாரோ கூப்பிட்டார்கள்.

நானும் சிரித்தேன். ஆமாம், வயிறு குலுங்கச் சிரித்தேன். அந்த ஆயா கெட்டிக்காரி. ஒரு கையை இடுப்பில் ஊன்றி, இடது காலை ஒரு சொட்டு இழுத்து வைத்து, அவள் நடந்த நடை இருக்கிறதே, அப்படியொரு தத்ரூபம்.

ஞானத்தின் அப்பா என் கையைப் பிடித்தார். "நடையப் பாரு" என்றார்.

பார்த்தேன். அது என் நடை. ஞானத்தைப் பெற்ற பிறகு இடது கால் சரியாக ஊன்ற வராமல் போனதிலிருந்து நான் நடக்கிற நடை.

அவர் எழுந்துவிட்டார். பிள்ளை தாய் சேலையைப் பிடிக்கிற மாதிரி அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தேன், நிற்கவில்லை. தகரக் கொட்டகைக்குப் பழகின அந்தக் குரல் மண்டபத்தின் ஓடுகளில் போய் மோதியது.

"அது மீனாட்சி இல்ல! கரிய நம்பாதீங்க! அது எம் மக ஞானம்!"

பியானோ நின்றது. தொப்பிகள் எல்லாம் திரும்பின. மேடையில் என் மகள் தட்டை ஏந்தினபடி நின்றாள். கரிக்குள் அந்த இரண்டு கண்கள் மட்டும் எங்களைப் பார்த்தன. யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். பியானோ திரும்பத் தொடங்கியது. ஞானம் கோப்பைகளைப் பொறுக்கி, இன்னொரு தரம் தடுக்கி விழுந்து, கைதட்டல் வாங்கி, உள்ளே போனாள். ஒன்றையும் விடவில்லை. அப்பன் பிள்ளைதானே.

6

மறுநாள் காலையிலேயே மடத்துக்குப் போனேன். மரத்தடியில் நிற்கவில்லை, நேரே வாசலுக்கே போனேன். என் வாய் உங்களுக்குத் தெரியாது. "ஏற்கெனவே கறுத்த பிள்ளைக்கு எதுக்குங்க மதர் கரி? உங்க கண்ணுக்கு இன்னும் கறுப்பு பத்தலியா?" என்று கேட்டேன்.

மதர் ஐரோப்பாக்காரி. புத்தகத்தில் படித்த தமிழ் பேசுவார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்:

"அம்மா, கோபிக்க வேண்டாம். நாங்கள் பூசவில்லை. கரி வேண்டும் என்று அவளே கேட்டாள். தேவையில்லை பிள்ளாய், நீ இப்படியே போதும் என்று நான் பலமுறை சொன்னேன். அவள் கேட்கவில்லை. அழுதாள்."

அவர் அதை அன்பாகத்தான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. திரும்பி வந்துவிட்டேன். ஏன் கேட்டாய் என்று ஞானத்தை அன்றைக்கே கேட்டேன். சொல்லமாட்டேன் என்றாள். அவள் அப்பா கேட்டதற்கு முகத்தையே திருப்பிக்கொண்டாள். அப்படியே இரண்டு வாரம் போனது. கொட்டகையில் அந்தப் படத்தைத் திரும்பப் போடும்போதும் இவர் அந்தக் கை வருகிற இடத்தில் இப்போது ஒன்றும் சொல்வதில்லை. சனம் காத்திருந்து பார்த்துவிட்டு, தாங்களே கத்திக்கொள்கிறது.

நேற்று கோயிலிலிருந்து வந்ததும் நான் வாசல்படியில் காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தூரம் நடந்தால் இந்தக் கால் குடையும். ஞானம் வந்து, கேட்காமலேயே தைலத்தை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினாள். இவர் உள்ளே இருந்தார், கேட்கிற தூரம்தான்.

"ஏண்டி கரி கேட்ட?" என்றேன். கோபமாகக் கேட்கவில்லை.

தைலத்தை இன்னும் கொஞ்சம் உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "கரி பூசாம வந்திருந்தா, இவ நடிக்கல, இவ இப்படித்தான்னு நெனச்சிருப்பாங்கம்மா. பூசுனாத்தான் வேஷம்னு தெரியும். அதுக்குத்தான் கேட்டேன். அப்பா வந்து எம் பேரச் சொல்லி, கரிக்குள்ளயும் கறுப்புதான்னு காட்டி, அதக் கெடுத்துட்டாங்க."

உள்ளே கட்டில் ஒருமுறை முனகியது. கரி பூசினவன் யாரென்று காட்டினால் அவனுக்கு அவமானம் என்றுதான் அவருக்குத் தெரியும். கரிக்குள்ளே ஒரு பிள்ளை ஒளிந்துகொள்ளும் என்று அவர் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை.

எனக்கு இன்னொன்று மிச்சமிருந்தது. அதைத்தான் இரண்டு வாரமாக விழுங்கிக்கொண்டிருந்தேன். "சரி, வேஷம்தான். ஒத்துக்கிடுறேன். அதுக்குப் பெத்தவ நடையத்தானா எடுத்துக்கிட்டுப் போகணும்? நான் நொண்டுறது உனக்கு அவ்வளவு சிரிப்பா இருக்கா?"

அவள் தலையை நிமிர்த்தினாள். நான் எதைச் சொல்கிறேன் என்றே அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது அந்த முகம் மாறினதை நான் எப்படி எழுதுவேன்!

"நான் உங்கள மாதிரி நடக்கலியேம்மா" என்றாள். "மொகத்துக்குத்தான் வேஷம் போட்டேன். நடையில நான் ஒண்ணுமே பண்ணல. எனக்கு வேற நடை தெரியாதும்மா."

அவள் காலுக்கு ஒரு குறையும் இல்லை. என் இடுப்பிலிருந்து இறங்கி, என்னைப் பார்த்தே நடை பழகினவள். பாலத்தில் பாண்காரர் சிரித்தது அதைப் பார்த்துத்தான்.